சந்தனப் பொட்டும் ரேம் துண்டும்

நாசரேத், பள்ளி விடுதி
18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

முருகேசு,

உன் துண்டுச்சீட்டை அற்புதமணி டீச்சர் வெள்ளிக்கிழமை கொடுத்தார்கள். தூத்துக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கணக்கு நடத்திவிட்டுப் போகிறவர்களுக்கு நம் தபால்காரி வேலையும் சேர்ந்துவிட்டது. அதற்குக் கூலியாக என்னை முன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

சீட்டில் நீ எழுதியிருந்தது மொத்தம் ஒன்பது சொற்கள். "நாப்பதாயிரம். கம்ப்யூட்டர். வெளையாடணும். நல்லா ஓடணும். என்ன வாங்க? சீக்கிரம் எழுது." அப்பாவுக்கு ஓசூருக்கு மாற்றலாகி, பிளஸ் டூவுக்காக என்னை இங்கே விட்டுப்போய் மூன்று மாதம் ஆகிறது. எதிர்வீட்டுக்காரி நலமா என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

ஆனால் கோபம் இல்லை. சீட்டைப் படித்த அன்றே நூலகத்தில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளை இறக்கச் சொன்னேன். எல்லாம் ஐந்து வருடப் பழசு. அதனால் கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டு, சனிக்கிழமைகளில் ஆய்வகத்தில் இருபது நிமிடம் வாங்கியிருக்கிறேன். கைப்பேசிதான் இங்கே கூடாது, அறிவு கூடும்.

பிரவுசிங் சென்டரில் கடலுக்கடியில் வீடு கட்டுகிற விளையாட்டைத் திறந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மீன் ஒன்று நம்மைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அரைமணி நேரக் காசு தீர்ந்துபோனது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓசூர் போகுமுன் உன் வீட்டில் நான்கு நாள் தங்க அப்பாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அதற்குள் அந்த மீன் ஒழுங்காக நீந்த வேண்டும்.

இரண்டு கேள்விகள். பெட்டியை எங்கே வைக்கப்போகிறாய்? விளையாடத்தான் என்று மாமாவுக்குத் தெரியுமா? இரண்டாவதற்குப் பதில் வராமல் பட்டியல் தரமாட்டேன்.

ஜெனிலா

*

தூத்துக்குடி
21 ஆகஸ்ட்

ஜெனி,

நலமா. சுகமா. விடுதிச் சாம்பாரில் பருப்பு உண்டா. போதுமா?

பெட்டி கடையின் பின்பக்கம், அரிசி மூட்டைக்கும் ரோட்டுப் பக்க ஜன்னலுக்கும் நடுவில். வேறு இடம் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு: அப்பாவிடம் முதலில் கடைக்கு பில் போட என்றுதான் சொல்லியிருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு மனசாட்சி உறுத்தி (உன்னால்தான்) முழுசும் சொல்லிவிட்டேன். அப்பா துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்கள். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "வெளையாடவும் செய்யும், பில்லும் போடும்னா ரெண்டையும் உருப்படியாச் செய்யாதே ஏளா" என்றார்கள்.

அம்மா எனக்காகப் பேசினார்கள். கடைசியில் ஒப்பந்தம் இதுதான். அப்பா அந்த நாற்பதாயிரத்தைக் கண்ணாடிக் கதவு வைத்த கூல்டிரிங்ஸ் ஃபிரிட்ஜுக்காக வைத்திருந்தார்கள். அதை எனக்குத் தருகிறார்கள். ஆயுத பூஜைக்குச் சாமானெல்லாம் சாமி முன்னால் இருக்க வேண்டும், விஜயதசமி அன்று முதல் பில் வர வேண்டும். வராவிட்டால் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஃபிரிட்ஜ். கம்ப்யூட்டர் கடை செந்தூர்வேல் அண்ணன் நம் கடையில்தான் மாதச் சாமான் வாங்குகிறார். சேதமில்லாமல் கொண்டுவந்தால் அக்டோபர் முடிய எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

ஆக, என் எதிரி ஒரு ஃபிரிட்ஜ். பட்டியலை அனுப்பு.

முருகேஸ்வரி

*

நாசரேத்
25 ஆகஸ்ட், ஞாயிறு

முருகேசு,

உண்மையைச் சொன்னதற்கு மகிழ்ச்சி. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும்.

இரண்டு சனிக்கிழமை படித்து முடிவு செய்ததை எழுதுகிறேன். முழுப் பட்டியல் தனித் தாளில் இருக்கிறது, சாமானைத் தனித்தனியாக வாங்கி நீயே பூட்டினால்தான் நாற்பதாயிரத்துக்குள் அடங்கும். விளையாட்டு ஓட கிராபிக்ஸ் கார்டுதான் முக்கியம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் நல்ல கார்டு ஒன்றே நம் பணத்தில் பாதியைத் தின்றுவிடும். மிச்சத்தில் வாங்கும் எதுவும் உருப்படாது. ஆகவே உள்ளேயே கிராபிக்ஸ் வைத்த ஆறு கோர் பிராசஸரை வாங்கு. படம் சுமாராக இருந்தாலும் மீன் நீந்தும். கார்டைப் பிறகு ஒரு நாள் செருகிக்கொள்ளலாம். பக்கத்திலேயே விலை குறைவாக, பெயரின் கடைசியில் ஓர் எழுத்து மாறி இன்னொன்று இருக்கும். அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. அதை வாங்கினால் திரை கறுப்பாகவே இருக்கும். பெட்டியின் மேல் உள்ளதை எழுத்தெழுத்தாகப் படி.

ரேம் பதினாறு ஜிபி. ஒரே துண்டாக வேண்டாம், எட்டு எட்டாக இரண்டு. உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் ரேமில்தான் ஒட்டுக்குடி இருக்கிறது, ஒரு வாசலைவிட இரண்டு வாசல் அதற்கு வசதி.

நீ ஜன்னல் என்று எழுதியதும் எனக்குத் திக்கென்றது. அந்த ரோட்டில்தான் உப்பு லாரிகள் போகின்றன. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியையே மூன்று வருடத்தில் அந்த உப்புத் தூசி தின்றுவிட்டது. எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டுகிற கேபினெட், முன்பக்கம் தூசி வலை உள்ளதாகப் பார். எந்தப் பத்திரிகையிலும் இதை எழுதவில்லை. எழுதியவர்கள் யாரும் நம் ரோட்டில் குடியிருக்கவில்லை போலும்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் கரண்டு பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை. கேபினெட்டோடு இலவசமாக ஒன்றைத் தருவார்கள். வாங்காதே. தரமானதைத் தனியாக வாங்கு. அது கெட்டால் மற்ற எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். இந்த ஒன்றில் மட்டும் பேரம் பேசாதே.

ஜெனிலா

*

தூத்துக்குடி
13 செப்டம்பர்

ஜெனி,

வாங்கியாச்சு. நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அப்பாவும் போனோம். செந்தூர்வேல் அண்ணன் உன் பட்டியலைப் படித்துவிட்டு, "இத எழுதுன பிள்ள எங்க வேல பாக்கு?" என்றார். பிளஸ் டூ என்றேன். நம்பவில்லை.

பிராசஸர் நீ சொன்னதே. எழுத்தெழுத்தாகப் படித்தேன், அண்ணனையும் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். ரேம் எட்டு எட்டு. மதர்போர்டு, எஸ்எஸ்டி, மானிட்டர் எல்லாம் பட்டியல்படி. பில் அடிக்கிற குட்டி பிரிண்டரும் உண்டு, ஏற்ற வேண்டிய புரோகிராமெல்லாம் போட்டு ஒரு பென் டிரைவை அண்ணன் கொடுத்திருக்கிறார். கேபினெட்டில் தூசி வலை இருக்கிறது. அதோடு முன்னால் மூன்று ஃபேன். ஏழு கலரில் எரிகிறது ஜெனி. கடையில் போட்டுக் காட்டியபோது அப்பாவே ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தக் கேபினெட்டோடு பவர் சப்ளை சும்மா வந்தது. வாங்கிக்கொண்டேன். நீ கத்துவாய் என்று தெரியும். அதில் மிச்சமான பணத்தில் எரிகிற கீபோர்டும் மவுஸும் வந்தன. பெட்டியில் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. கடைக்காரன் மகளுக்குச் சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

எல்லாம் பீரோமேல் இருக்கிறது. பூஜைக்கு முன்னால் பிரிக்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

முருகேஸ்வரி

*

நாசரேத்
16 செப்டம்பர்

முருகேஸ்வரிக்கு,

ஏழு கலரும் நன்றாக எரியட்டும். மற்றதெல்லாம் எரிந்துபோகாமல் இருந்தால் சரி.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதை நம்புகிறவளுக்கு நான் எதற்கு? அந்த இரண்டு சனிக்கிழமையில் எனக்குக் கிடைத்தது மொத்தம் நாற்பது நிமிடம். அதில் இருபது நிமிடம் பவர் சப்ளைக்கு மட்டும் படித்தேன்.

எனக்குக் காலாண்டுத் தேர்வு இருக்கிறது.

ஜெனிலா

*

தூத்துக்குடி
30 செப்டம்பர்

ஜெனிலாவுக்கு,

இத்துடன் போர்டின் விளக்கப் புத்தகம் வருகிறது, அம்மாவிடம் கெஞ்சி அதை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்தேன். என்னால் மூன்று பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. இதைக் கதைப்புத்தகம் போலப் படிக்கிற ஒரே ஆள் நீதான்.

எனக்கும் காலாண்டுத் தேர்வு இருந்தது. இயற்பியலில் நாற்பத்தொன்று. அப்பா ஃபிரிட்ஜ் படம் போட்ட நோட்டீஸைக் கல்லாவில் ஒட்டியிருக்கிறார்கள்.

கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது. இருபது நிமிடக் கணக்கை நீ எனக்கு முதலிலேயே சொல்லவில்லை.

முருகேஸ்வரி

*

நாசரேத்
3 அக்டோபர்

முருகேசு,

பத்து நாள் லீவில் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள், பிளஸ் டூவுக்கு மட்டும் ஸ்பெஷல் கிளாஸ். விடுதியில் சத்தமே இல்லை. அந்த நேரம் பார்த்து உன் புத்தகம் வந்தது. இரண்டு தடவை படித்துவிட்டேன். பல மொழிகளில் இருக்கிறது, தமிழில் இல்லை. ஆகவே நானே எழுதிவிட்டேன். ஆறு பக்கம். தனியாக மடித்து வைத்திருக்கிறேன், அதைப் பார்த்தே பூட்டலாம். புத்தகம் என்னிடமே இருக்கட்டும், திருப்பித் தர மனமில்லை.

அதில் முதல் படி மிக முக்கியம் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். பூட்டுவதற்கு முதல் நாளே எல்லாவற்றையும் உறையிலிருந்து வெளியே எடு. மேஜையில் வரிசையாக வை. பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார். பிராசஸரை மட்டும் அதன் பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து எடுக்காதே. அடியில் முடிபோலக் கம்பிகள், ஒன்று வளைந்தாலும் போச்சு. எப்படியும் ஆயுத பூஜைக்கு அத்தை எல்லாவற்றையும் வரிசையாக வைக்கத்தானே போகிறார்கள். ஒரே வேலையாக முடிந்துவிடும்.

பவர் சப்ளையைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. எழுதவில்லை என்பதைக் கவனி.

நாற்பத்தொன்று பரவாயில்லை. ஒளியியலில் எந்தக் கணக்கு வரவில்லை என்று எழுது.

ஜெனி

*

தூத்துக்குடி
13 அக்டோபர், ஞாயிறு

ஜெனி,

ஓடவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதச் சொல்வாய். எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. காலையில் உன் முதல் படியின்படி எல்லாவற்றையும் உறையிலிருந்து எடுத்து வாழையிலையில் வரிசையாக வைத்தேன். தராசு, படிக்கல், கத்தரி, அரிசிக் கொக்கி, அப்புறம் நம் சாமான்கள். அம்மா குளித்துவிட்டு வந்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தார்கள். பிராசஸர் டப்பாவின் மேல் ஒன்று. கேபினெட்டுக்கு மூன்று. மானிட்டருக்கு மூலையில் ஒன்று. ரேமைக் கையில் எடுத்து, "இதுக்கு மொகம் எதுளா?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொன்னு மாதிரி மின்னுதுல்லா, இதாம் மொகம்" என்று அந்தத் தங்க ஓரத்தில் ரெண்டு துண்டுக்கும் வரிசையாக வைத்தார்கள். அவ்வளவு அழகாக இருந்தது. உனக்குக் காட்ட முடியவில்லையே என்று நினைத்தேன்.

சனிக்கிழமை விஜயதசமி. உன் ஆறு பக்கத்தையும் சுவரில் ஒட்டிவைத்துப் பூட்டினேன். மூன்றரை மணி நேரம். ஒரு திருகுகூட மிச்சம் இல்லை. அப்பா, அம்மா, பால் வாங்க வந்த இரண்டு பேர் எல்லாரும் பின்னால் நின்றார்கள். சுவிட்சைப் போட்டேன். மூன்று ஃபேனும் ஏழு கலரில் சுற்றின. எல்லாரும் கைதட்டினார்கள். திரை மட்டும் கறுப்பு. பத்து நிமிடம் கறுப்பு. போர்டின் ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது. அம்மாவின் போனில் பதினான்கு வீடியோ பார்த்தேன், பதினான்கும் பதினான்கு விதமாகச் சொல்கின்றன.

அப்பா திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஃபேன் நல்லாத்தான் ஓடுது. கடைக்கு ஒரு ஃபேன் வாங்க எவ்வளவு ஆகப்போவுது" என்று மட்டும் சொன்னார்கள். புதன்கிழமை காலை ஃபிரிட்ஜ்காரர் வருகிறார்.

செந்தூர்வேல் அண்ணனிடம் கேட்கலாம் என்றால், அவர் குலசைக் கோயில் தசராவுக்கு வேண்டுதல் போட்டு ராஜா வேஷம் கட்டியிருக்கிறார். பத்து நாளாகக் கடை பூட்டு. போன வியாழக்கிழமைதான் தலையில் கிரீடமும் கையில் வாளுமாக நம் கடைக்குக் காணிக்கை வாங்க வந்திருந்தார். சந்தேகம் ஏதும் வந்தால் யாரைக் கேட்க என்று அப்போதே கேட்டேன். "வேஷத்தோட யாவாரம் பேசப்பிடாது தாயீ" என்று காணிக்கையை வாங்கிக்கொண்டு மேளத்தோடு போய்விட்டார். போன வருஷம் வேஷம் கலைத்த பிறகு நான்கு நாள் தூங்கினாராம்.

எனக்குத் தெரியும், பவர் சப்ளைதான். நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. சும்மா வந்ததற்கு ஆசைப்பட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன். நீ திட்டி எழுது, பரவாயில்லை. ஆனால் எழுது.

முருகேசு

*

நாசரேத்
14 அக்டோபர், திங்கள், மத்தியானச் சாப்பாட்டு நேரம்

முருகேசு,

சாப்பிடாமல் எழுதுகிறேன். நாலரை பஸ்ஸுக்குள் டீச்சர் கையில் கொடுக்க வேண்டும்.

பவர் சப்ளை இல்லை. அது கெட்டிருந்தால் ஃபேன் அப்படிச் சுற்றுவது கஷ்டம். இதை எழுத எனக்கு எவ்வளவு வருத்தம் என்று உனக்குப் புரியும்.

விளக்கப் புத்தகம் பக்கம் 19. போர்டின் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள். மேலிருந்து முதலாவது பிராசஸருக்கு, இரண்டாவது ரேமுக்கு, மூன்றாவது கிராபிக்ஸுக்கு, நான்காவது எஸ்எஸ்டிக்கு. எது சரியில்லையோ அது எரியும். நீ எந்த விளக்கு என்று எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. அத்தை பொட்டு வைத்த இடத்தைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. அந்தத் தங்க ஓரம்தான் ரேமின் வாய். அதன் வழியாகத்தான் போர்டோடு பேசுகிறது. இரண்டு வாயிலும் சந்தனம் காய்ந்து கிடக்கிறது.

அத்தையின் மேல் தப்பே இல்லை. உறையிலிருந்து எல்லாவற்றையும் முதல் நாளே எடு என்று எழுதியவள் நான். எந்தப் புத்தகமும் அப்படிச் சொல்லவில்லை. வரிசையாக வைத்துப் பார்த்தால் அழகாக இருக்குமே என்று நானாகச் சேர்த்தேன். கடைசி நிமிடம் வரை உறைக்குள் இருக்க வேண்டும் என்றுதான் பக்கம் 4 சொல்கிறது. இரண்டு தடவை படித்தவள் எழுதியது இது. உன் பவர் சப்ளைக்கு நான் அவ்வளவு பேசியதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

செய்ய வேண்டியது: சுவிட்சை அணை. பிளக்கைப் பிடுங்கு. கேபினெட்டின் இரும்பை ஒரு தடவை தொடு, உடம்பில் இருக்கிற கரண்டு இறங்கிவிடும். ரேம் இரண்டையும் கழற்று. உன் ஜாமெட்ரி பாக்ஸில் வெள்ளை ரப்பர் இருக்கும். தங்க ஓரத்தை அதால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய். பென்சில் கோட்டை அழிப்பதுபோல, அவ்வளவுதான். தண்ணீர் படக் கூடாது. ரப்பர் தூளைப் பெயின்ட் பிரஷால் தட்டிவிடு. போர்டில் ரேம் உட்காரும் பள்ளத்தையும் காய்ந்த பிரஷால் துடை. திரும்ப வைத்து, இரண்டு முனையிலும் டக் என்று கேட்கும்வரை அழுத்து.

சாமிக்கு வைத்ததை அழிக்கலாமா என்று அத்தை வருத்தப்பட்டால், அழித்த பொட்டுக்குப் பதிலாகக் கேபினெட்டின் நெற்றியில் பெரிதாக ஒன்று வைத்துக்கொள்ளச் சொல். அங்கே எவ்வளவு வைத்தாலும் ஒன்றும் ஆகாது. இதற்கு எந்தப் பக்கத்திலும் ஆதாரம் இல்லை, நான் யோசித்தது.

மணி அடித்துவிட்டது.

ஜெனி

*

தூத்துக்குடி
16 அக்டோபர், புதன்

ஜெனி,

இந்தக் கடிதத்தோடு ஒரு பில் இருக்கிறது. முதலில் அதைப் பார்.

பார்த்துவிட்டாயா? துவரம்பருப்பு அரைக் கிலோ, தீப்பெட்டி ஒன்று. தேதி 14, மணி எட்டு இருபது. முதல் பில். வாங்கியவர் எதிர்க்கடை இஸ்திரிக்காரர். பில்லை நான் பிடுங்கிக்கொண்டேன் என்று இன்னும் முறைக்கிறார்.

டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக நம் கடைக்கே வந்து கடிதத்தைக் கொடுத்தார்கள். "பதில் தெரியாம வீட்டுக்குப் போனா எனக்குத் தூக்கம் வராது" என்று பெஞ்சில் உட்கார்ந்தும்விட்டார்கள். ஆக, நடுவில் பிரித்துப் படித்திருக்கிறார்கள்.

அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. நான் ரப்பரைத் தொட்டதும், "வச்ச பொட்ட அழிச்சா எப்பிடிளா வெளங்கும்?" என்றார்கள். நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். அப்புறம் அவர்களே போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்தார்கள். "அந்தப் பிள்ளைக்கு இருக்க அறிவு இங்கன யாருக்கு இருக்கு" என்று கேபினெட்டின் நெற்றியில் ரூபாய் அகலத்துக்கு ஒன்று வைத்தார்கள். பிறகு ஒரு ரேம் துண்டை என் கையிலிருந்து வாங்கி, தான் வைத்ததைத் தானே தேய்த்துத் துடைத்தார்கள். என்னைவிடச் சுத்தமாகத் துடைத்தார்கள்.

டக், டக். சுவிட்ச். சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. திரையில் வெள்ளையாக எழுத்து வந்தது. என்ன எழுத்து என்று கேட்காதே, கண்ணில் தண்ணீர். டீச்சர்தான் முதலில் கைதட்டினார்கள். அண்ணனின் பென் டிரைவிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றி முடிக்க எட்டு மணி ஆகிவிட்டது.

தப்பு யாருடையது என்று நீ ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். அதை ரப்பரால் தேய்த்துவிட்டேன். ஆனால் பவர் சப்ளை கெடவில்லை என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய் அல்லவா, அந்தப் பக்கத்தைச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

இனிமேல்தான் வேடிக்கை. நேற்று நம் கடல் விளையாட்டை ஏற்றினேன். மீன் நீந்துகிறது ஜெனி. திரும்பிப் பார்க்கிறது. ராத்திரி கடை சாத்தியதும் அப்பா சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று போய்ப் பார்த்தால், மூட்டைமேல் உட்கார்ந்து மவுஸைப் பிடித்திருக்கிறார்கள். "இது ஊளியாளா, சீலாவா? ரெண்டும் ஒண்ணு போலல்லா இருக்கு. மீனப் பாக்காதவன் எவனோ வரைஞ்சிருக்கான்" என்று ஒரே குறை. மீன் மேல் தப்பில்லை, உள்ளே இருக்கிற கிராபிக்ஸுக்கு அவ்வளவுதான் முடியும், தனிக் கார்டு போட்டால் தெளிவாகத் தெரியும் என்றேன். அப்பா மவுஸை விடாமலே கேட்டுக்கொண்டார்கள். இன்று காலை ஃபிரிட்ஜ்காரர் வந்தார். பொங்கலுக்கு மேல் பார்க்கலாம் என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கீழே அப்பா இரண்டு வரி எழுதுகிறார்களாம். இடம் விடுகிறேன்.

முருகேசு

அன்புள்ள மகள் ஜெனிலாவுக்கு மந்திரமூர்த்தி மாமா எழுதுவது. பில் நன்றாக வருகிறது. சந்தோஷம். கிராபிக்ஸ் கார்டு என்பது என்ன விலை வரும்? அதைப் போட்டால் செதில் தெரியுமா? செந்தூர்வேல் கடை திறந்துவிட்டான். உன் பட்டியல் இல்லாமல் போனால் என் தலையில் எதையாவது கட்டிவிடுவான்.

*

நாசரேத்
17 அக்டோபர், வியாழன்

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

செதில் தெரியும். ஊளியும் சீலாவும் தனித்தனியாகத் தெரியும். எந்தக் கார்டு, என்ன விலை என்பதைச் சனிக்கிழமை ஆய்வகத்தில் பார்த்து எழுதுகிறேன்.

ஆனால் நல்ல கார்டுக்குக் கரண்டு நிறைய வேண்டும். கேபினெட்டோடு சும்மா வந்த பவர் சப்ளை அதைத் தாங்காது. ஆகவே, மாமா, எந்தக் கார்டாக இருந்தாலும் முதலில் தரமான பவர் சப்ளை வாங்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் பேரம் பேச வேண்டாம்.

இந்தக் கடிதத்தை முருகேஸ்வரியிடம் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லவும். வாசித்து முடித்ததும் சுவரில் ஒட்டியிருக்கிற பழைய பக்கத்தின் மேலேயே இதை ஒட்டிக்கொள்ளலாம்.

ஜெனிலா